கையேட்டில் இல்லாத ஆப்ஷன்களும் கட்டளைகள் குடியிருக்கும் இடங்களும்

எஸ்சிபி கட்டளையைக் கொண்டு ஒரு பெரிய கோப்பை இன்னொரு கணினிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டு, அது போய்க்கொண்டிருக்கும்போதே மறுமுனைக் கணினியில் பிஎஸ் கட்டளையை இட்டுப் பாருங்கள். பழைய நெறிமுறையில் இயங்கும் அமைப்பாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலில் "எஸ்சிபி -டி" என்று ஒரு வரியும், அதையடுத்துக் கோப்பு போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயரும் தெரியும். நாம் அப்படி எதையும் தட்டச்சு செய்திருக்க மாட்டோம். எஸ்சிபியின் மேன் பக்கத்தை, அதாவது கணினியிலேயே கிடைக்கும் அதன் கையேட்டை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும், சிறிய எழுத்தில் எழுதப்படும் அந்த டி ஆப்ஷன் (கட்டளையின் நடத்தையை மாற்ற, கோட்டுடன் சேர்த்து எழுதும் குறி) அங்கே இருக்காது. கோப்பை எதிர்த்திசையில், அதாவது மறுமுனையிலிருந்து நம் பக்கம் இழுத்தால், அதே இடத்தில் "எஸ்சிபி -எஃப்" என்று வரும். அதுவும் மேன் பக்கத்தில் கிடையாது.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எஸ்சிபி தன் வேலையைத் தனியாகச் செய்வதில்லை. எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக மறுமுனையில் தன்னுடைய இன்னொரு பிரதியை எழுப்பி, "நீ பெறுகிறவன்" அல்லது "நீ அனுப்புகிறவன்" என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு வேலைகளையும் குறிக்கும் "டு", "ஃபிரம்" என்ற ஆங்கில முன்னிடைச்சொற்களின் முதலெழுத்துகளே டியும் எஃப்பும். 1983ஆம் ஆண்டின் 4.2 பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பில் வந்த ஆர்சிபி கட்டளையின் நிரலிலிருந்து வழிவழியாக வந்த ஏற்பாடு இது. ஒரு நிரலின் இரண்டு பிரதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி என்பதால், மனிதர்கள் படிக்கும் கையேட்டில் அதற்கு இடம் தேவையில்லை என்று எழுதியவர்கள் கருதியிருக்கிறார்கள்.

இதே நிகழ்வில் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. மறுமுனைக் கணினி, எஸ்சிபி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நிரல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பதை எப்படி அறியும்? அங்கே அதற்குத் துணை, கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் மாறியில் எழுதப்பட்டுள்ள டைரக்டரிகளின் வரிசை மட்டுமே. எஸ்எஸ்ஹெச், எஸ்சிபி இரண்டும் அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளை நாமே மூலநிரலிலிருந்து தொகுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரியில் நிறுவியிருந்து, எஸ்எஸ்ஹெச் செர்வர் தரும் இயல்பான பாத் மாறியில் அந்த டைரக்டரி இல்லாவிட்டால், நாம் உள்நுழைந்து கையால் இட்டால் ஒழுங்காக வேலை செய்யும் எஸ்சிபி, வெளியிலிருந்து அழைக்கும்போது "கட்டளை காணப்படவில்லை" என்று நின்றுவிடும். யூனிக்ஸ் அமைப்புகளைப் பராமரிக்கிறவர்கள் அடிக்கடி இடறி விழும் இரண்டு இடங்கள் இவை: கையேட்டில் எழுதப்படாத ஆப்ஷன், எங்கே இருக்கிறது என்று சொல்லப்படாத நிரல். இரண்டையும் வெவ்வேறு செய்திகளாகவே பேசிப் பழகிவிட்டோம். செர்வர்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் ஒரு மென்பொருள் தன் நடத்தையில் எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதே கேள்வி.

எஸ்சிபியின் டி ஆப்ஷனை நம்பியிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காப்புப் பிரதிகளைப் பெறும் செர்வர்களில், ஒரு குறிப்பிட்ட சாவியோடு வருகிறவர் கோப்பு அனுப்புவதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாதபடி, அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் "எஸ்சிபி -டி" என்ற கட்டளையையும் இலக்கு டைரக்டரியையும் கட்டாயக் கட்டளையாக எழுதி வைப்பது நெடுநாள் வழக்கம். பாதுகாப்பு நோக்கில் அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் 2022 ஏப்ரலில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0இல், எஸ்சிபி கட்டளை இயல்பாகவே பழைய நெறிமுறையைக் கைவிட்டு எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில் பேசத் தொடங்கியது. அனுப்புகிற பக்கம் மட்டும் புதுப்பிக்கப்பட்டால் போதும்: அது எஸ்எஃப்டிபியில் பேசும், பெறுகிற பக்கமோ கட்டாயக் கட்டளையின்படி பழைய எஸ்சிபியை எழுப்பி வைத்திருக்கும், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் இணைப்பு முறியும். பெரிய எழுத்து ஓ ஆப்ஷனைச் சேர்த்துப் பழைய நெறிமுறைக்குத் திரும்பலாம். அல்லது கட்டாயக் கட்டளையை எஸ்எஃப்டிபிக்கு ஏற்ப மாற்றி எழுதலாம். தீர்வு எளிதுதான். ஆனாலும் மேன் பக்கத்தில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு ஆப்ஷனின்மேல் கட்டப்பட்டிருந்த ஏற்பாடு அது என்பதை, உடைந்த பிறகே பலர் உணர்ந்தார்கள்.

இந்த இடத்தில், கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் காட்டும் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் மறுமுனையில் தன் பிரதியை எழுப்புகிற நிரல்தான்; அதற்கென்று --செர்வர், --சென்டர் என்ற இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. அவற்றை அது உதவிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆயினும் அதன் கையேடு, இந்த இரண்டும் ஆர்சிங்க் தன் உள்வேலைக்குப் பயன்படுத்துபவை, சாதாரண நிலையில் பயனர் இவற்றைத் தட்டச்சு செய்யக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மறுமுனையில் ஆர்சிங்க் வேறு இடத்தில் இருந்தால் அதன் முழுப் பாதையைச் சொல்வதற்கு --ஆர்சிங்க்-பாத் என்ற ஆப்ஷனையும் தருகிறது. இரண்டு இடறல்களுக்கும் அதன் கையேட்டிலேயே விடை இருக்கிறது. ஓர் உள்வேலை ஆப்ஷனைப் பற்றி எழுத ஒரு பத்திகூட வேண்டாம், இப்படி ஒரு வாக்கியம் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எழுதப்படாத ஆப்ஷன்கள் அனைத்தும் ஒரே இனம் அல்ல. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் மூலநிரலைத் திறந்து பார்த்தால், வேறொரு வகையைக் காணலாம். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையின் நிரலில், ஆப்ஷன்களை வரிசைப்படுத்தும் அட்டவணையில், "டிஸேபிள்-இனோட்டிஃபை" என்ற பெயருக்கு முன்னால் கூடுதலாக ஒரு கோடு இருக்கிறது. நீண்ட ஆப்ஷன்களுக்கு வழக்கமாக இடும் இரண்டு கோடுகளோடு இதுவும் சேர, பயனர் அதை மூன்று கோடுகளுடன், ---டிஸேபிள்-இனோட்டிஃபை என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே "ஆவணப்படுத்த வேண்டாம்" என்ற பொருளில் ஒரு குறிப்பு. முதல் வரிகளைக் காட்டும் ஹெட் கட்டளையில் ---பிரிஸ்யூம்-இன்புட்-பைப் என்ற ஆப்ஷனும், கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் ---பிரிஸ்யூம்-இன்புட்-டிடிஒய் என்ற ஆப்ஷனும் இதே முறையில் இருக்கின்றன. ஆர்எம்மின் நிரலில் காரணமும் விளக்கப்பட்டிருக்கிறது: உள்ளீடு ஒரு முனையத்திலிருந்து (டெர்மினல்) வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆர்எம் வேறுவேறாக நடந்துகொள்ளும், தானியங்கிச் சோதனைகளின்போது உண்மையான முனையம் ஒன்றை ஏற்பாடு செய்வது கடினம், ஆகவே முனையம் இருப்பதாகப் பாவித்துக்கொள்ளச் சொல்லும் இந்த ஆப்ஷன், சோதனைக்காக மட்டும்.

இந்த மூன்றாவது கோட்டை வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். பழக்கத்தினால் யாரும் மூன்று கோடுகளைத் தட்டச்சு செய்வதில்லை; அதைத் தட்டச்சு செய்கிறவர் மூலநிரலைப் படித்தவராகத்தான் இருப்பார். மூலநிரலைப் படித்தவர் அந்தக் குறிப்பையும் படித்திருப்பார். கோர்யூட்டில்ஸின் மேன் பக்கங்கள் கையால் எழுதப்படுபவையும் அல்ல. ஹெல்ப்2மேன் என்ற கருவி, ஒவ்வொரு கட்டளையையும் --ஹெல்ப் ஆப்ஷனுடன் இயக்கி, அது அச்சிடுவதையே மேன் பக்கமாக வடிவமைக்கிறது. எனவே --ஹெல்ப் வெளியீட்டில் சொல்லப்படாத எதுவும் மேன் பக்கத்துக்கு வந்து சேர வழியில்லை. குனுவின் முழுமையான கையேடு இன்ஃபோ வடிவத்தில் தனியாக இருப்பதால், மேன் பக்கத்தில் இல்லாதது இன்ஃபோவில் இருக்கக்கூடும். "ஹெட் -5" என்று எண்ணை நேரடியாக எழுதும் பழைய முறை அப்படிப்பட்டது. அது இன்றும் வேலை செய்கிறது. உதவிப் பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்ஃபோ கையேட்டில் பழைய எழுத்துமுறை என்ற விளக்கத்தோடு இருக்கிறது. லினக்ஸில் ஓர் ஆப்ஷன் கையேட்டில் இல்லை என்று சொல்வதற்கு முன் எந்தக் கையேட்டைப் பார்த்தோம் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

குனு கட்டளைகள் நீண்ட ஆப்ஷன்களைச் சுருக்கி எழுதவும் இடம் தருகின்றன. ஓர் ஆப்ஷனின் முதல் சில எழுத்துகளே அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டப் போதுமானவையாக இருந்தால், மீதியை எழுதத் தேவையில்லை. அதன்படி, ஆவணப்படுத்தப்பட்ட ஒவ்வொரு ஆப்ஷனின் பின்னாலும் ஆவணப்படுத்தப்படாத சுருக்கங்கள் பல நிற்கின்றன. அவை எப்போது செல்லாமல் போகும் என்பது எதிர்காலத்தைப் பொறுத்தது. அடுத்த பதிப்பில் அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய ஆப்ஷன் ஒன்று சேர்ந்ததும், நேற்று வரை தெளிவாக இருந்த சுருக்கம் இன்று குழப்பத்துக்குரியதாகி, நிரல் பிழை சொல்லி நிற்கும். முனையத்தில் கையால் தட்டும்போது சுருக்கத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஸ்கிரிப்ட்டுக்குள் அதை எழுதுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். ஆர்எம் கட்டளையை எழுதியவர்களே ஓரிடத்தில் இந்தச் சலுகையை மறுத்திருக்கிறார்கள்: ரூட் டைரக்டரியையே அழிக்க அனுமதிக்கும் --நோ-பிரிசர்வ்-ரூட் ஆப்ஷனைச் சுருக்கி எழுதினால், இதைச் சுருக்கக் கூடாது என்று சொல்லி வேலையை நிறுத்திவிடுகிறது. முழு அமைப்பையும் அழிக்கப் போகிறவர் முழுச் சொல்லையும் எழுதட்டும் என்ற அந்த முடிவு, ஆப்ஷன்களை வடிவமைக்கிற அனைவரும் பின்பற்றத்தக்கது.

கையேட்டுக்கும் நிரலுக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட பெரும்பாலான கட்டளைகள் தங்கள் ஓரெழுத்து ஆப்ஷன்களைப் பிரித்தறிய கெட்ஆப்ட் என்ற நூலகச் செயற்கூறையே பயன்படுத்துகின்றன. அதற்கு, தாம் ஏற்கும் எழுத்துகள் அனைத்தையும் இடைவெளியின்றிக் கோத்த ஒரு சரத்தைத் தர வேண்டும். எந்த எழுத்து ஒரு மதிப்பை எதிர்பார்க்கிறதோ அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. தொகுத்து முடித்த இயங்குகோப்புக்குள்ளும் அந்தச் சரம் அப்படியே கிடக்கும். கோப்பிலுள்ள எழுத்துச் சரங்களை மட்டும் எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை அந்தக் கோப்பின்மேல் இயக்கினால், பிழைச்செய்திகளுக்கும் நூலகப் பெயர்களுக்கும் நடுவில், அகராதியில் எங்கும் காண முடியாத ஒரு நீளமான எழுத்துக்கோவை கண்ணில் படும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் அது சிறிய ஏ, பி, சி என்று தொடங்கி ஓடும். நடுவில் ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தும் பத்தாம் எழுத்தும் இல்லாமல் தாவும். டபிள்யூவை அடைந்ததும் முதல் முக்காற்புள்ளி வரும், ஏனென்றால் திரையின் அகலத்தைச் சொல்லும் அந்த ஆப்ஷனுக்கு ஓர் எண் தேவை. பிறகு பெரிய எழுத்துகள். இந்தச் சரத்தை ஒரு பக்கமும் மேன் பக்கத்தின் சுருக்க வரியை மறுபக்கமும் வைத்து எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டே வந்தால், அடிபடாமல் எஞ்சுபவையே நாம் தேடியவை. எஸ்சிபியில் இதைச் செய்தால், எஞ்சும் எழுத்துகளில் எஃப்பும் டியும் நிற்கும்.

எஞ்சியவற்றைக் கண்டதும் உடனே இயக்கிப் பார்க்கும் ஆவல் இயல்பானது. நிரந்தரமான தரவு இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பெயர் தெரிந்துவிட்டது என்பதால் செயல் தெரிந்துவிட்டதாக ஆகாது. மூலநிரல் கிடைக்கும் நிரலென்றால் அந்த எழுத்துக்குரிய கிளையைப் படித்துவிடலாம். கிடைக்காத நிரலென்றால், அழிந்தால் கவலையில்லாத ஒரு மெய்நிகர் கணினியில் நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றைப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸின் கண்காணிப்பில் இயக்கி, அது எந்தக் கோப்புகளைத் திறக்கிறது, எதை எழுதுகிறது என்று பார்ப்பதே முறை.

இன்னொரு வகை, ஒரு காலத்தில் கையேட்டில் இருந்து பிறகு நீக்கப்பட்டவை. சார்ட் கட்டளையில் இரண்டாம் புலத்தைக் கொண்டு வரிசைப்படுத்த "சார்ட் +1" என்று எழுதும் முறை யூனிக்ஸின் தொடக்க காலத்திலிருந்து புழங்கியது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பு அதை விலக்கியது. அந்தத் தரத்தின்படி +1 என்பது ஒரு கோப்பின் பெயராகக்கூட இருக்கலாம். குனு தரத்தைப் பின்பற்றியபோது பழைய ஸ்கிரிப்ட்டுகள் பல உடைந்தன. _போசிக்ஸ்2_வெர்ஷன் என்ற சூழல் மாறியில் பழைய தரத்தின் ஆண்டையும் மாதத்தையும் 199209 என்று எழுதிவைத்து, பழைய நடத்தையை மீட்டுக்கொள்ள வழி தரப்பட்டது. எழுதப்படாத ஆப்ஷன்களிலேயே என் பரிவைப் பெறுபவை இவைதான். அந்த ஸ்கிரிப்ட்டுகளை எழுதியவர்கள் அன்றைய கையேட்டைப் படித்தே எழுதினார்கள்.

1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் பெயர், சுருக்கம், விளக்கம் ஆகியவற்றோடு "பிழைகள்" என்ற பகுதியும் இருந்தது. தாம் எழுதிய நிரலின் குறையைத் தாமே அச்சிட்டு வைக்கும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த மரபின் பார்வையில், ஓர் ஆப்ஷனை எழுதாமல் விடுவதும் ஒரு கூற்றுதான்: இது நாளை இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை என்ற கூற்று. சோதனைக்கான மூன்று கோடு ஆப்ஷன்கள் எழுதப்படாமல் இருப்பது சரி. இரண்டு கணினிகளுக்கிடையே, இரண்டு வெவ்வேறு பதிப்புகளுக்கிடையே பேசப்படும் ஆப்ஷன்கள் எழுதப்படாமல் இருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அவை ஒரு நிரலின் வயிற்றுக்குள் நடப்பவை அல்ல. வலையமைப்பைக் கடந்து போகிறவை.

இனி இடத்தைப் பற்றி. கட்டளைகள் ஏன் இத்தனை டைரக்டரிகளில் சிதறிக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு, 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் இருந்த பிடிபி-11 கணினியின் டிஸ்க்குகளே விடை. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பயன்படுத்திய அந்த டிஸ்க்குகள் சில மெகாபைட்டுகளுக்கு மேல் கொள்ளாதவை. இயங்குதளம் முதல் டிஸ்க்கில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் இரண்டாம் டிஸ்க்கில், /யூஎஸ்ஆர் என்ற பெயரில் இருந்தன. இயங்குதளம் வளர்ந்து முதல் டிஸ்க் நிரம்பியதும், மிஞ்சிய கட்டளைகளை இரண்டாம் டிஸ்க்குக்கு நகர்த்தி, அங்கும் ஒரு பின் டைரக்டரியை உருவாக்கினார்கள். இரண்டாம் டிஸ்க்கை இணைக்கும் மவுன்ட் கட்டளை மட்டும் முதல் டிஸ்க்கிலேயே இருந்தாக வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டினால் எப்படித் திறப்பது? கணினி எழுந்து நிற்கத் தேவையானவை /பின் டைரக்டரியில், மற்றவை /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரியில் என்று பிற்காலத்தில் பாடநூல்கள் சொன்ன விதி, இட நெருக்கடியில் பிறந்த ஏற்பாட்டுக்குப் பின்னர் வந்து சேர்ந்த விளக்கம்.

நிர்வாகிக்குரிய கட்டளைகள் அப்போது வேறிடத்தில் இருந்தன. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் மவுன்ட், இனிட் போன்றவை /ஈடிசி டைரக்டரியில் இயங்குகோப்புகளாகவே இருந்தன. இன்று அமைவுக் கோப்புகளுக்கு மட்டும் உரியதென்று நாம் கருதும் அந்த இடத்திலிருந்து அவை /எஸ்பின் டைரக்டரிக்குக் குடிபெயர்ந்தது 1980களின் பிற்பகுதியில். சாதாரணப் பயனரின் பாத் மாறியில் /எஸ்பின் சேர்க்கப்படாததால், வலையமைப்பு அமைவைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையை இட்டு "காணப்படவில்லை" என்ற பதிலைப் பெற்று, அது நிறுவப்படவில்லை என்றே முடிவு செய்தவர்கள் ஏராளம். முழுப் பாதையுடன் இட்டால் அது யாருக்கும் இயங்கியிருக்கும்.

இடமே பொருளை மாற்றிவிடும் நிலையை, சன் நிறுவனத்தின் யூனிக்ஸான சோலாரிஸில் பார்த்தேன். அங்கே ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் உண்டு. ஏடி&டியின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியில் வந்தவை /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரியில், பெர்க்லி வழியில் வந்தவை /யூஎஸ்ஆர்/யூசிபி டைரக்டரியில், எக்ஸ்/ஓப்பன் தரத்துக்கு இணங்கியவை /யூஎஸ்ஆர்/எக்ஸ்பிஜி4/பின் டைரக்டரியில். /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரியின் பிஎஸ், பழைய பதிப்புகளில், ஒரு நிரலின் கட்டளைவரியில் முதல் 80 எழுத்துகளை மட்டுமே காட்டும். ஜாவா நிரல்கள் ஓடும் செர்வரில் அது போதவே போதாது. நூலகப் பாதைகளின் பட்டியலிலேயே 80 எழுத்துகள் தீர்ந்துபோய், எந்தச் செயலி ஓடுகிறது என்பது கடைசி வரை தெரியாது. /யூஎஸ்ஆர்/யூசிபி/பிஎஸ் என்று முழுப் பாதையுடன், பெர்க்லி முறை ஆப்ஷன்களைக் கொடுத்தால் முழு வரியும் வரும். பாத் மாறியில் எந்த டைரக்டரி முன்னால் இருக்கிறதோ அதைப் பொறுத்து, ஒரே கட்டளைக்கு ஒருவருக்குப் பதில் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. கில்ஆல் கட்டளையின் கதை இதைவிடக் கடுமையானது. லினக்ஸில் அது பெயர் சொன்ன நிரலை மட்டும் நிறுத்தும். சோலாரிஸின் /யூஎஸ்ஆர்/எஸ்பின் டைரக்டரியில் உள்ள கில்ஆல், கணினியை மூடும் வேளையில் பயன்படுவது, இயங்கும் நிரல்கள் அனைத்தையும் நிறுத்துவது. இரண்டுமே தத்தம் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டவைதான். ஓரமைப்பில் பழகிய கை இன்னோர் அமைப்பில் தட்டும்போது, எழுதப்பட்டதும் எழுதப்படாததற்குச் சமமாகிவிடுகிறது.

டிஸ்க் நெருக்கடி தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, இந்தப் பிரிவினையை ஒழிக்கும் வேலை லினக்ஸில் நடந்தது. ஃபெடோரா 17 2012இல் /பின் டைரக்டரியை /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரிக்கான சிம்லிங்காக, அதாவது அதைச் சுட்டும் பெயராக, மாற்றியது. ஆர்ச் லினக்ஸ் 2013இல் எஸ்பின்னையும் சேர்த்தே இணைத்தது. 2023இல் வந்த டெபியன் 12 இணைக்கப்பட்ட வடிவத்தை மட்டுமே ஏற்றது. ஃபெடோரா 42 2025இல் /யூஎஸ்ஆர்/எஸ்பின் டைரக்டரியையும் ஒன்றாக்கியது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் மாறுகிற காலத்தில் அமைப்பின் ஒரு பகுதிக்குத் தெரிந்தது இன்னொரு பகுதிக்குத் தெரியாமல் போனது. டெபியன் 12இல், கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளை எங்கே இருக்கிறது என்று, நம் கட்டளைகளைப் பெற்று இயக்கும் ஷெல்லைக் கேட்டால் /யூஎஸ்ஆர்/பின்/சிபி என்று சொல்லும். அதே பாதையை, மென்பொருள் தொகுப்புகளை நிர்வகிக்கும் டிபிகேஜியிடம் கொடுத்து, இது எந்தத் தொகுப்புக்குரியது என்று கேட்டால், அப்படி ஒரு பாதையே இல்லை என்று பதில் வரும். /பின்/சிபி என்று கேட்டால் மட்டும் கோர்யூட்டில்ஸ் என்ற விடை கிடைக்கும். கோப்பு ஒன்றுதான், தொகுப்பின் பதிவேட்டில் பழைய முகவரி எழுதப்பட்டிருப்பதே காரணம். ஒரு கோப்பின் மூலத்தைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்டுகளை வைத்திருக்கிறவர்கள் இரண்டு முகவரிகளையும் கேட்டுப் பார்க்கும்படி அவற்றைத் திருத்தியாக வேண்டியிருந்தது.

டெபியன் 10இல், வேறு பயனராக மாற உதவும் எஸ்யூ கட்டளை யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் வடிவத்துக்கு மாறியபோது நேர்ந்ததும் இத்தகையதே. வெறும் எஸ்யூ என்று இட்டு, முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டாக மாறினால், பாத் மாறி முன்பு போல மாற்றி அமைக்கப்படாமல், பயனருடைய பழைய மதிப்பே நீடித்தது. அதில் எஸ்பின் டைரக்டரிகள் இல்லை. தொகுப்பு ஒன்றை நிறுவப் போனால், எல்டிகான்ஃபிக் பாத்தில் காணப்படவில்லை, ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் காணப்படவில்லை என்று டிபிகேஜி முறையிட்டு நின்றது. எஸ்யூவுக்குப் பிறகு ஒரு தனிக் கோட்டைச் சேர்த்தால், முழு உள்நுழைவாகக் கருதப்பட்டு எல்லாம் சரியாகிவிடும். ரூட் என்பது அதிகாரம் மட்டுமல்ல, அந்த அதிகாரத்துக்குரிய பாத் மாறியும் சேர்ந்ததே ரூட் என்பதைப் புதியவர்களுக்கு விளக்க நான் இந்த நிகழ்வையே எடுத்துச் சொல்வது வழக்கம்.

பாத் மாறிக்கு வெளியே வேண்டுமென்றே வைக்கப்படும் நிரல்களும் உண்டு. மனிதர்கள் அழைக்காமல் பிற நிரல்கள் மட்டுமே அழைக்கும் இவற்றுக்காக பிஎஸ்டி அமைப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்எக்ஸெக் என்ற இடத்தை வைத்திருந்தன. லினக்ஸ் அமைப்புகளுக்கான கோப்பமைப்புத் தரத்தில் அது 2015இன் 3.0 பதிப்பில்தான் இடம்பெற்றது. அதுவரை ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடம். எஸ்எஃப்டிபி-செர்வர் நிரல் டெபியனில் /யூஎஸ்ஆர்/லிப்/ஓப்பன்எஸ்எஸ்ஹெச் டைரக்டரியிலும், ரெட் ஹேட்டில் /யூஎஸ்ஆர்/லிப்எக்ஸெக்/ஓப்பன்எஸ்எஸ்ஹெச் டைரக்டரியிலும் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் செர்வரின் அமைவுக் கோப்பை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால், உள்நுழைவு ஒழுங்காக நடக்கும், கோப்புப் பரிமாற்றம் மட்டும் நடக்காது. நிரலின் பாதைக்குப் பதிலாக இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்று எழுதிவிட்டால் செர்வர் தனக்குள்ளேயே அந்த வேலையைச் செய்துகொள்ளும். இடம் பற்றிய கவலையே இல்லை. மூலநிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட், 2008இல் தன் 1.6.0 பதிப்பில், கோடு போட்டு எழுதும் நூற்றுக்கும் மேற்பட்ட துணைக் கட்டளைகளை /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரியிலிருந்து வெளியேற்றியபோது, அவற்றைப் பழைய பெயரில் அழைத்த ஸ்கிரிப்ட்டுகள் நின்றன. ஆயினும் கிட் --எக்ஸெக்-பாத் என்ற ஆப்ஷனைத் தந்து, தன் உள்வீட்டு முகவரியைக் கேட்பவருக்குச் சொல்கிறது.

இரண்டு இடறல்களும் ஒரே நிரலில் சேர்ந்ததற்கு மேக்ஓஎஸ்ஸின் ஏர்போர்ட் கட்டளையைக் காட்டலாம். அது பாத் மாறியில் எங்கும் இல்லை. /சிஸ்டம்/லைப்ரரி/பிரைவேட்ஃபிரேம்வர்க்ஸ் என்ற டைரக்டரிக்குள், ஆப்பிள்80211 என்ற சட்டகத்தின் உள்ளடுக்கில் இருந்தது. அதற்கு மேன் பக்கமும் இல்லை. பெரிய எழுத்து ஐ ஆப்ஷனைக் கொடுத்தால் இணைந்திருக்கும் வைஃபையின் சிக்னல் வலிமையும் சேனலும் வரும். எஸ் ஆப்ஷனைக் கொடுத்தால் சுற்றிலும் உள்ள வலையமைப்புகளின் பட்டியல் வரும். நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் சொல்லியே இது பரவியது. அந்த நீண்ட பாதைக்கு சிம்லிங்க் போட்டுக்கொண்டு எண்ணற்ற கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டுகளை எழுதினார்கள். 2024இல் வந்த மேக்ஓஎஸ் 14.4இல் அது தன் வேலையை நிறுத்திக்கொண்டு, வையர்லெஸ் டயக்னாஸ்டிக்ஸ் செயலியையோ டபிள்யூடியூட்டில் கட்டளையையோ பயன்படுத்துங்கள் என்ற அறிவிப்பை மட்டும் அச்சிட்டது. டைரக்டரியின் பெயரிலேயே இது தனியார் இடம் என்று எழுதியிருந்ததை மறுக்க முடியாது. அதே சமயம், அத்தனை பேருக்குத் தேவைப்பட்ட ஒரு தகவலைப் பெற வேறு எளிய கட்டளை எதுவும் அவ்வளவு காலம் இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று கேட்பதிலும் கவனம் வேண்டும். விச் கட்டளை பாத் மாறியை மட்டும் பார்க்கும். ஷெல் தனக்குள் வைத்திருக்கும் கட்டளைகளும் மாற்றுப்பெயர்களும் தனிக் கோப்பாக இயங்கும் விச்சுக்குத் தெரியாது. பாஷ் ஷெல்லில் "டைப் -ஏ எக்கோ" என்று கேட்டால், எக்கோ முதலில் ஷெல்லின் உள்கட்டளை, அடுத்ததாகவே /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரியின் கோப்பு என்று இரண்டையும் வரிசையாகச் சொல்லும். எக்கோவின் மேன் பக்கம் --வெர்ஷன் ஆப்ஷன் உண்டு என்கிறது; பாஷில் அதை இட்டால் --வெர்ஷன் என்ற சொல்லே திரையில் அச்சாகிறது. கையேடு பொய் சொல்லவில்லை, அது வேறு நிரலைப் பற்றிப் பேசுகிறது. டைம் கட்டளைக்கும் இதே நிலை: நினைவகப் பயன்பாட்டை விரிவாகக் காட்டும் வி ஆப்ஷன், /யூஎஸ்ஆர்/பின்/டைம் என்று முழுப் பாதையில் அழைத்தால் மட்டுமே கிடைக்கும். ஸ்கிரிப்ட்டுக்குள் கேட்பதென்றால் போசிக்ஸ் தரத்தில் உள்ள "கமாண்ட் -வி" போதும். டெபியனில் 2021இல் விச் கட்டளையே அதைத்தான் பரிந்துரைக்கத் தொடங்கியது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் க்ரானில் இயங்கும் ஸ்கிரிப்ட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். பரவலாகப் புழங்கும் விக்ஸி க்ரான் தரும் பாத் மாறியில் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு மட்டுமே இருக்கும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே பாத் மாறியை முழுமையாக எழுதிவிடுவதை நான் விரும்புகிறேன். ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதை எழுதுவது பாதுகாப்பானது என்று சொல்பவர்கள் உண்டு. /பின், /யூஎஸ்ஆர்/பின் இரண்டும் இணைக்கப்படுவதற்கு முந்தைய அமைப்பு ஒன்றுக்கு அந்த ஸ்கிரிப்ட் போக நேர்ந்தால், எழுதிய ஒவ்வொரு பாதையும் ஒரு தனி இடறலாகிவிடும். தரத்துக்கு இணங்கிய கட்டளைகள் எந்த டைரக்டரிகளில் இருக்கின்றன என்று அமைப்பையே கேட்க, "கெட்கான்ஃப் பாத்" என்ற கட்டளை இருக்கிறது. சோலாரிஸில் அது /யூஎஸ்ஆர்/எக்ஸ்பிஜி4/பின் டைரக்டரியை முதலில் வைத்துப் பதில் தரும்.

எழுதப்படாத ஓர் ஆப்ஷனைத் தவிர்க்கவே முடியாத ஸ்கிரிப்ட்டில், அதை எந்த நிரலின் எந்தப் பதிப்பில் கண்டேன், மூலநிரலின் எந்தக் கோப்பில் அதன் கிளை இருக்கிறது என்பதை அந்த வரிக்கு மேலேயே குறிப்பாக எழுதிவைக்கிறேன். நிரல் தொடங்கும்போது பதிப்பைச் சரிபார்த்து, வேறாக இருந்தால் வேலையைத் தொடங்காமல் நிற்கும்படியும் அமைக்கிறேன். பிறகு, அந்த ஆப்ஷனைப் பற்றி ஆர்சிங்க்கின் கையேட்டில் இருப்பதைப் போன்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும்படி, கையேட்டுக்கான திருத்தத்தை எழுதி அந்த நிரலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புகிறேன். சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவர்கள் பெரும்பாலும் காரணத்தைச் சொல்கிறார்கள். அந்த ஆப்ஷன் அடுத்த பதிப்பில் நீக்கப்படவிருக்கிறது என்ற செய்தி அப்படி ஒரு மறுப்பிலிருந்துதான் எனக்கு முன்கூட்டியே கிடைத்தது.